லாரியில் செக் லைட் எரிந்தால் சென்சாரை மாற்றிவிடலாமா? முதலில் வயரைப் பாருங்கள்!

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காடு கிளம்ப நிற்கிறது ஒரு சின்ன லாரி. ஏழெட்டு வருடம் ஓடிய வண்டி. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனின் வாட்ஸ்அப்புக்கு அப்பாவிடமிருந்து ஒரு போட்டோ வருகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “தம்பி, மறுபடியும் இந்த லைட்டு எரியுது. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது, கரும்புகை தள்ளுது. டெம்பரேச்சர் முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. சென்சார் போயிருச்சுங்கிறாங்க. நீ ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி அனுப்பு, நானே மாட்டிக்கிறேன்.”

மகன் யூடியூபில் தேடுகிறார். இரண்டு நிமிட வீடியோவில் ஒருவர் கப்ளரைக் கழற்றி, ஸ்பேனரால் பழைய சென்சாரைத் திருகி எடுத்து, புதியதை மாட்டிவிடுகிறார். அவ்வளவுதானா? மாட்டுவது அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோவில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. கெட்டது சென்சார்தான் என்று யார் சொன்னது?

பழைய லாரியின் சென்சாரை உரிமையாளரே மாற்றலாமா என்று கேட்டால், பல சென்சார்களை தாராளமாக மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் வாங்க வேண்டியது சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர். சென்சாரை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சென்சார் என்ன செய்கிறது?

பழைய மெக்கானிக்கல் பம்ப் லாரிகளில் டீசல் எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பம்ப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் கவர்னரும் முடிவு செய்தன. காமன் ரெயில் இன்ஜினில் அந்த வேலையை இ.சி.யு. என்கிற சின்ன கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான். கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு, டர்போ எவ்வளவு காற்றை அழுத்துகிறது, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பொருள். இ.சி.யு. அதற்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்பி வரும் வோல்டேஜை வைத்து வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது. வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும். இ.சி.யு.வுக்கு அது கடும் குளிராகத் தெரியும். மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும்! பொள்ளாச்சி ரோட்டில் மைனஸ் 40 டிகிரிக்கு வாய்ப்பில்லை என்பது நமக்குத் தெரியும். இ.சி.யு.வும் அந்த அளவு நம்பத்தக்கதல்ல என்று முடிவு செய்து ஒரு கோடைப் பதிவு செய்துவிட்டு, செக் லைட்டை எரிய விடுகிறது. அதன்பின் சரியான வெப்பநிலை தெரியாமலேயே டீசல் அளவை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் புகையும் வருவது இதனால்தான்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

நாடு முழுவதும் பி.எஸ்-4 விதி அமலானது 2017 ஏப்ரல் 1-ல். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6. நடுவில் விற்ற காமன் ரெயில் வண்டிகள்தான் இன்று வாரன்ட்டி முடிந்து, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் கையில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

இவற்றில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன லாரிகளும் பிக்-அப்களும் வீட்டுச் சோதனைக்கு ஓரளவு வசதியானவை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் கருவியைச் செருகினால், பல வண்டிகளில் போனிலேயே கோடைப் படிக்கலாம். எல்லா வண்டியும் எல்லாத் தகவலையும் இந்த மலிவான கருவிகளுக்குத் தராது.

24 வோல்ட் கனரக லாரிகளின் கதை வேறு. அவற்றின் தகவல் மொழியும் கோடு முறையும் வேறு. 12 வோல்ட்டுக்கான கருவியை அதில் செருகிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

கோடு சொல்வது என்ன? சொல்லாதது என்ன?

ஸ்கேனரில் ‘பி 0118’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கோளாறு’ என்று ஆப் மொழிபெயர்த்துக் காட்டும். உடனே பலரும் செய்வது, சென்சாரை ஆர்டர் போடுவது. ஆனால் அந்தக் கோடின் முழுப் பொருள், ‘அந்த சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம்’ என்பது மட்டுமே. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், அங்கிருந்து போகும் வயர்கள், எர்த், கடைசியில் இ.சி.யு. எல்லாம் சேர்த்துத்தான். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் இதே கோடுதான் வரும். எலி வயரைக் கடித்திருந்தாலும் அதேதான்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எரர் மெசேஜ் எந்த வரியைக் காட்டுகிறதோ அந்த வரியிலேயே தப்பு இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. லாக் பார்ப்பார்கள், மேலே எங்கிருந்து தப்பான மதிப்பு வந்தது என்று தேடுவார்கள். லாரிக்கும் அதே நியாயம்தான்.

இன்னொரு விஷயம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார்களின் கோடு வந்தால், எல்லாம் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்கும் என்று நம்பாதீர்கள். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் வயர் தளர்ந்திருந்தாலும், பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி நடக்கும். மூன்று சென்சார் வாங்குவதற்கு முன்னால், துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டைத் தேய்த்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

பத்து நிமிடச் சோதனை

சரி, அந்த அப்பா என்ன செய்யலாம்?

முதல் வேலை, கோடை அழிக்காமல் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது. கோளாறு பதிவான நேரத்தில் வேகம், ஆர்.பி.எம்., வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதையும் பல வண்டிகள் சேமித்து வைத்திருக்கும். பட்டறைக்குப் போக வேண்டி வந்தாலும் இது உதவும். ‘லைட்டை அணைச்சாச்சு’ என்று அவசரப்பட்டு அழித்துவிட்டால், இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

இரண்டாவது, காலையில் வண்டி முழுதாக ஆறியிருக்கும்போது சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி ஆப்பில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் மைனஸ் 40 என்றால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. ஆனால் கோளாறு என்று தெரிந்ததும் சில இ.சி.யு.க்கள் தாமாகவே ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொண்டு அதையே காட்டும். எனவே ஆப் சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்றாவது, சாவியை ஆஃப் செய்துவிட்டு சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். லாக்கை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் பின்னால் தள்ளியிருக்கிறதா, வயர் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைச் சரிசெய்து மாட்டினால் லைட் அணைந்துவிடலாம்.

நான்காவது, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சென்சாரின் இரண்டு பின்னையும் தொடுங்கள். பொதுவாகப் புழக்கத்தில் இருக்கும் இரண்டு பின் சென்சார்களில் 20 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவில் இருக்கும். மாடலுக்கு மாடல் இது மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் முடிவானது. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் சென்சார் உள்ளே அறுந்துவிட்டது.

ஐந்தாவது, கப்ளர் கழன்ற நிலையிலேயே சாவியை ஆன் செய்து, வயர் பக்கக் கப்ளரின் இரண்டு பின்களுக்கு இடையே டி.சி. வோல்டேஜ் பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் இ.சி.யு. வரை இரண்டு வயரும் ஒழுங்காக இருக்கின்றன. வரவில்லை என்றால், புது சென்சார் போட்டாலும் லைட் அணையாது.

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்துதான் பதில். வயர் நன்றாக இருந்து, சென்சார் தப்பான அளவு காட்டினால் மட்டுமே புதிது வாங்க வேண்டும்.

சென்சார்தான் என்று உறுதியானால்…

வாங்கும்போது ‘இந்த மாடல் வண்டிக்கு’ என்று கேட்பதைவிடப் பழைய சென்சாரின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். வெளியே ஒரே மாதிரி, கப்ளரும் பொருந்தும், ஆனால் உள்ளே மின்தடைக் கணக்கு வேறாக இருக்கலாம். அப்படி ஒன்றைப் போட்டால் லைட் எரியாது. இ.சி.யு. மட்டும் தினமும் தப்பான வெப்பநிலையைப் படித்துக்கொண்டிருக்கும். லைட் எரிவதைவிட இது ஆபத்தானது. சந்தேகம் இருந்தால் புது சென்சாரையும் மாட்டுவதற்கு முன் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பில் வாங்குங்கள்.

மாற்றும்போது ஒரே ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஓடி நின்ற இன்ஜினின் கூலன்ட் அழுத்தத்தில் இருக்கும். அப்போது மூடியையோ சென்சாரையோ திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். “கொஞ்ச நேரம் ஆச்சே, ஆறியிருக்கும்” என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. கையால் தொட முடிகிற அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் வேலை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சென்சாரின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்ட்டை ஒரு சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். அதைத் தரையில் விடாதீர்கள், குடித்தால் நாய்க்கும் மாட்டுக்கும் விஷம். சென்சாரைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு, சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரால் கழற்றுங்கள். புதியதைப் புது வாஷரோடு முதலில் விரலால் திருக வேண்டும். விரலுக்கு மசியாத மரையை ஸ்பேனர் போட்டு மிரட்டினால், அலுமினியம் ஹெட்டின் மரை போய்விடும். சில நூறு ரூபாய் வேலை அப்போது பல ஆயிரமாகும். கடைசி இறுக்கம் மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும்.

பிறகு அதே வகைக் கூலன்ட்டை நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து ஆப்பில் பாருங்கள். வெப்பநிலை குதிக்காமல் சீராக ஏறி, 80-90 டிகிரிப் பக்கம் தெர்மோஸ்டாட் திறந்ததும் நிலைக்க வேண்டும். கசிவு இல்லை என்று பார்த்த பின் கோடை அழித்து, லோடு இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு திரும்ப வராவிட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

கை வைக்கக் கூடாதவை

‘நானே செய்வேன்’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ரெயில் பிரஷர் சென்சார் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. காமன் ரெயிலில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கும். லாரி டயரில் இருப்பது எட்டு, பத்து பார் அளவுதான். அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கசிவுகூட தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் அது உடனே அறுவைசிகிச்சை தேவைப்படும் காயம். ரெயில், இன்ஜெக்டர், ஹை பிரஷர் பைப் எல்லாம் பயிற்சி பெற்றவர்களின் வேலை. பிரேக், ஏ.பி.எஸ். சென்சார்களும் அப்படியே. அங்கே நடக்கும் தப்புக்கு விலை கொடுப்பது ரோட்டில் போகும் வேறு யாரோவாக இருக்கலாம்.

கிராங்க் சென்சார் நடுவில் நிற்கிறது. வண்டி சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனால், அதன் மேல் சந்தேகப்படலாம். டீசல் சப்ளைக் கோளாறும் இதே வேஷம் போடும். பல வண்டிகளில் ஒரே ஒரு போல்ட்தான். ஆனால் கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்குப் பக்கத்தில், கை நுழையாத இடத்தில் இருக்கும். வண்டிக்கு அடியில் போய்த்தான் கழற்ற வேண்டும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

‘ஒரு ரெசிஸ்டர் போட்டுரலாம்ணே!’

ரோட்டோரத்தில் சொல்லப்படும் இன்னொரு தீர்வும் உண்டு. சென்சாருக்குப் பதில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து இ.சி.யு.வை ஏமாற்றுவது. அல்லது செக் லைட்டின் பல்பையே பிடுங்கிவிடுவது. லைட் அணையும், லோடும் போய்ச் சேரும். ஆனால் அன்றிலிருந்து இன்ஜின் எவ்வளவு சூடானாலும் இ.சி.யு.வுக்கு அது 80 டிகிரிதான். ஒருநாள் மலை ஏற்றத்தில் ரேடியேட்டர் ஓஸ் வெடித்தால் எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இன்ஜினே இறங்கும். மாசுக் கட்டுப்பாட்டு சென்சார்களை இப்படி ஏமாற்றுவது சட்டத்துக்கும் எதிரானது. அந்தப் புகை நம் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் போகிறது.

சர்வீஸ் சென்டருக்கே போனால் என்ன?

நியாயமான கேள்வி. வாரன்ட்டி இருக்கும்வரை அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். சரியான ஸ்கேனரும் வயரிங் படமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஒரே வண்டியை நம்பியிருப்பவருக்குப் பக்கத்து ஊர் சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் நிற்பதென்றால் இரண்டு நாள் வாடகை போச்சு. டிரைவர் படியும் இ.எம்.ஐ.யும் வண்டி நின்றாலும் நிற்காது. அங்கேயும் ‘மாத்திப் பாப்போம்’ என்று பார்ட்டை மாற்றி, அது இல்லை என்றால் அடுத்ததை மாற்றும் பழக்கம் இல்லாமல் இல்லை. கழற்றிய பழைய பார்ட் எது, அதைச் சோதித்தபோது மீட்டர் என்ன காட்டியது என்று கேட்கத் தெரிந்த உரிமையாளரிடம் அந்தப் பழக்கம் நடக்காது. தானே மாற்றாவிட்டாலும் சோதனையைத் தெரிந்து வைத்திருப்பதன் லாபம் இதுதான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஸ்பேனர் எல்லோரிடமும் இருக்கிறது. இல்லாதது தகவல். இந்தக் கப்ளரில் எந்த வயர் எங்கே போகிறது, இந்த சென்சார் எந்த வெப்பநிலையில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்கிற விவரம், சொந்தக் காசில் வண்டி வாங்கியவருக்கே எளிதில் கிடைப்பதில்லை. எண் தெரியாத மெக்கானிக் ஊகிக்கிறார். ஊகத்துக்கான பில்லை உரிமையாளர் கட்டுகிறார்.

இது புதிய சண்டை இல்லை. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அதில் செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாகன ரிப்பேர் தகவல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2012-லேயே மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கினார்கள்.

இங்கே இணையதளம் மட்டும் போதாது. வண்டியை விற்கும்போதே வயரிங் படமும் சென்சார் அளவுகளும் உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும், தமிழிலும் தரப்பட வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைகளுக்குப் படிக்க ஒரு தாள் கொடுத்தால் போதும்.

மறுபடியும் அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். மகன் அனுப்ப வேண்டிய பதில் ஆர்டர் லிங்க் இல்லை. “அப்பா, இன்னைக்கு அந்த லோடை வேற வண்டியில ஏத்தி விட்டுருங்க. காலையில இன்ஜின் ஆறினதும் கப்ளரைக் கழட்டி உள்ள பச்சை பூத்திருக்கான்னு ஒரு போட்டோ அனுப்புங்க. மீட்டர் வாங்கிட்டு வீடியோ கால்ல வாங்க, சேர்ந்தே பாத்துரலாம்.”

லாரி அப்பாவுக்குத் தெரியும், எரர் கோடு மகனுக்குத் தெரியும். இரண்டு பேரும் பத்து நிமிடம் உட்கார்ந்தால், கெட்டது சென்சாரா, இல்லை எலி கடித்த வயரா என்பது தெரிந்துவிடும்.